கீழே வைக்காத பத்து நிமிடம்

விசில் ஊதியதும் துளசிமணி அக்கா இரும்புக் குண்டைக் கால்களுக்கு நடுவே ஒரு வீச்சு வீசி மார்புக்கு ஏற்றிக்கொண்டாள். மூன்றடி தள்ளி, மாஸ்டருக்கென்று டேப் ஒட்டிய கட்டத்தில் நின்ற பூபதி மூச்சைப் பிடித்துக்கொண்டான். தூக்குவது அவள், மூச்சைப் பிடிப்பது நானா, நல்ல நியாயம். முப்பத்தொரு வயது, கழுத்து தடித்த ஆள், திருப்பூரில் பத்துப் பேராவது மாஸ்டர் என்று கூப்பிடுகிற ஆள், ஐம்பத்திரண்டு வயது மாணவியின் முழங்கையைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட மறந்து நிற்கிறான். மூச்சை விடு. ஒரு வருஷமாக அவளுக்குச் சொன்னது அந்த ஒன்றைத்தான், ஏறும்போது விடுங்கக்கா, நிறுத்தும்போது விடுங்கக்கா, இறங்கும்போது விடுங்கக்கா, உள்ளே இழுக்கிறது தானாக நடக்கும். ஒன்று, என்றார் நடுவர். முழங்கை இடுப்பெலும்பில் உட்கார்ந்திருக்கிறது, நல்லது. முழங்கால் கொஞ்சம் மடங்கி நிமிர்ந்தது, குண்டு தலைக்கு மேலே போய் நின்றது, கை நேராக, ஆடாமல், ஒரு நொடி. இரண்டு. கெட்டில்பெல் என்றால் யாருக்கும் புரிவதில்லை, டீ காய்ச்சுகிற சமாச்சாரமா என்று கேட்கிறார்கள், அதனால் அவன் பயிற்சி நடத்துகிற ஷெட்டில் எல்லாருக்கும் அது குண்டுதான், மேலே கைப்பிடி வைத்த பன்னிரண்டு கிலோ குண்டு. விதி சின்னது. பத்து நிமிடம். மார்பிலிருந்து தலைக்கு மேல், தலைக்கு மேலிருந்து மார்புக்கு. மார்பில் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இளைப்பாறலாம், ஆனால் குண்டு தரையைத் தொட்டால் தீர்ந்தது, அதோடு இறங்கி வந்துவிட வேண்டும். கையை ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம். மூன்று. நான்கு. போட்டி நடக்கிற இடம் பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபம், வெள்ளிக்கிழமை கல்யாணத்தின் மணவறையை இன்னும் பிரிக்கவில்லை, தெர்மாகோல் எழுத்தில் மாப்பிள்ளை பெண் பேரும் நடுவில் ஒரு இதயமும் அப்படியே இருக்க, அதற்கு முன்னால் துளசிமணி அக்கா தொளதொளத்த பனியனும் டிராக் பேண்டுமாக, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்று குண்டு தூக்குகிறாள். ஐந்து. பூபதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. அதற்குள் என்ன, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நிமிடத்துக்குப் பன்னிரண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அவள் தையல்காரி, பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகப் பவர் டேபிள் மெஷினில் உட்கார்ந்து பனியனுக்குக் கை தைக்கிறவள். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதினால் கடிகாரம் பார்க்காமலே அத்தனையை முடித்து வைக்கிற உடம்பு, அந்த உடம்புக்குத் தாளம் சொல்லித்தர வேண்டியதே இருக்கவில்லை. அவள் முதன்முதலாக ஷெட்டுக்கு வந்ததே சண்டை போடத்தான். விடியற்காலம் ஐந்தரை மணிக்கு என்ன எழவைப் போட்டு இந்த இடி இடிக்கிறீங்க, பக்கத்து வீட்டுல ஷிப்டு பாத்துட்டு வந்து மனுஷங்க படுக்க வேண்டாமா என்று வாசலில் நின்று கத்தினாள். பூபதி மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் கண் தரையில் இருந்த குண்டின் மேல் போய் நின்றுவிட்டது. இது எத்தனை கிலோ என்றாள். எட்டு என்றான். தூக்கிப் பார்த்தாள். திரும்பக் கீழே வைக்க மனசில்லாமல் நின்றாள், அது அவனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, சண்டையை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலை ஐந்தரைக்கு வந்தாள், இடியில் ஓர் இடி அவளுடையதாயிற்று. அந்தச் சண்டையையும் அவள் பாதியில் விட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் ரங்கநாதன் பின்னொரு நாள் சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். துளசிமணியை அரைமணி என்றுதான் கூப்பிடுவார். டைப்ரைட்டிங் லோயர் முடித்து ஹையர் பரீட்சைக்குப் போகவில்லை, இந்தி இரண்டாம் பரீட்சையோடு நின்றது, ஸ்கூட்டர் ஓட்ட எல்.எல்.ஆர் மூன்று தடவை வாங்கி மூன்றும் காலாவதியாயிற்று, பின்னிய ஸ்வெட்டர் ஒரு கையோடு பீரோவில் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் வந்தால் அவளுக்கு முன்னாலேயே இந்தப் பட்டியலை ஒப்பிப்பார், அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒரே ஒரு தடவை, தண்ணீர் குடித்துக்கொண்டே, பூபதியிடம் சிரிக்காமல் சொன்னாள். "நானா விட்டதில்லீங் மாஸ்டர். ஒவ்வொரு வாட்டியும் யாராச்சும் கூப்புட்டாங்க, கையில இருந்தத வெச்சுப்போட்டுப் போனேன். இந்தப் பத்து நிமிசம் யாரும் கூப்புட முடியாதல்லங்?" அன்றைக்குத்தான் பூபதி போட்டிக்குப் பேர் கொடுத்தான். எண்ணிக்கை வேண்டாம், மெடல் வேண்டாம், அவள் வயதுப் பிரிவில் வேறு யாரும் இல்லாததால் மெடல் எப்படியும் அவளுக்குத்தான். பத்து நிமிடம் கீழே வைக்காமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

பன்னிரண்டு. கைக்கடிகாரத்தில் பார்த்தான், ஒரு நிமிடத்துக்கு ஒரு நொடி பாக்கி. அடி சக்கை, தையல் மெஷின்தான். இடது கையில் ஆரம்பிக்கச் சொன்னது நல்லதாயிற்று, இடது கொஞ்சம் சோனி, அது முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் மாற்றினால் வலது கை மிச்சத்தை இழுத்துக்கொண்டு போகும். காலையில் எடை பார்க்கும்போது நடந்த கூத்து நினைவுக்கு வந்தது. அறுபத்தெட்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும், மெஷின் ஐம்பது கிராம் கூடக் காட்டியது. வளையலைக் கழற்றினாள், கம்மலைக் கழற்றினாள், மூக்குத்தியைத் திருகித் திருகிப் பார்த்துக் கழற்ற வராமல் விட்டாள், மெட்டியைக் கழற்ற ஒரு நிமிடம் யோசித்துக் கழற்றினாள், தாலிக்கொடியில் கை வைக்கவே மாட்டேன் என்றுவிட்டாள், அதுக்கு நான் அடுத்த பிரிவுலயே தூக்கிக்கறேன் என்றாள். ஹேர்பின்களை உருவினாள். சரியாக அறுபத்தெட்டு. எடை பார்த்த பெண்கள் எல்லாரும் கை தட்டினார்களாம். அந்த நகை மூட்டையைக் கைக்குட்டையில் கட்டி பூபதி கையில் கொடுத்துவிட்டுப் போனாள், நாலு பவுன் இருக்குங் மாஸ்டர் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். அவன் அதைப் பேண்ட் பையில் போட்டு, மேலே கையை வைத்து, ரங்கநாதன் எங்கே போனார் என்று பார்க்கிங் முழுவதும் தேடினான். அவர் இளநீர்க் கடையில் அரசியல் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது நடுவர்கள் எல்லாரையும் கூட்டி வைத்து விதி சொல்கிற கூட்டம் முடிந்து நாற்காலியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷமாகக் கேட்கிற அதே விதிதானே என்று விட்டுவிட்டான். பதினைந்து. பதினாறு. தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறுகிறது, அக்கா தோளு, என்று சொன்னான், ஸ்பீக்கரில் போட்ட டமடம பாட்டில் அது அவளுக்கு எட்டியதா தெரியவில்லை. எட்டாது என்று நினைத்துத்தான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். என் குரல் கேக்கலீன்னா நீங்களே எதிர்ல இருக்கற பெரிய கடிகாரத்தைப் பாத்துக்கங்க, அஞ்சு வந்தா கை மாத்துங்க, எட்டு வந்தா வேகத்தை அவுத்து விடுங்க, அதுக்கப்புறம் ஒண்ணையும் மிச்சம் வெக்காதீங்க. கண்ணாடி போட மாட்டாள், வியர்வையில் வழுக்குகிறது என்பாள், கண்ணாடி இல்லாமல் முதல் எண் மட்டும் பெரிதாகத் தெரியும், அது போதும். பத்தொன்பது. இருபது. அக்கா நிமிர்ந்து எதிரே பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ திடுக்கென்றது. குண்டை மார்பிலிருந்து இறக்கி, கால் நடுவே வீசி, வலது கைக்கு மாற்றினாள்.

என்ன செய்கிறாள். கைக்கடிகாரம் ஒன்று நாற்பது என்கிறது. இடது கை வலிக்கிறதா, பிடி வழுக்கியதா, கையில் பூசிய வெள்ளைப் பொடி போதவில்லையா, இல்லையே, முகத்தில் வலி இல்லை, அவசரம்தான் இருக்கிறது, பஸ்ஸை விட்டவள் முகம். ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள், இளைப்பாறவே இல்லை, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நடுவர் மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டு வருகிறார், முன்வரிசையில் இருந்த ஜனம் ஓ என்று கத்தத் தொடங்கிவிட்டது, அடேங்கப்பா இந்தம்மா என்று யாரோ சொல்கிறார்கள். பூபதி திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தான். சிவப்பு எழுத்தில், சமையல்கூடத்துக் கதவுக்கு மேல், எட்டு பதினொன்று. எட்டு பத்து. எட்டு ஒன்பது. அடப்பாவி. அது கீழே இறங்குகிறது. ஷெட்டில் இருக்கிற கடிகாரம் பூஜ்யத்தில் தொடங்கி மேலே ஏறும், ஒரு வருஷமாக அவள் பார்த்தது அதைத்தான், இந்த ஊர்க் கடிகாரம் பத்தில் தொடங்கிக் கீழே வருகிறது. எட்டைப் பார்த்திருக்கிறாள், ஐயோ ஐந்தைத் தவறவிட்டோமே என்று பதறிக் கையை மாற்றியிருக்கிறாள், எட்டு வந்துவிட்டது என்று அவிழ்த்து விட்டிருக்கிறாள். இன்னும் இரண்டே நிமிடம் என்று நினைத்து ஓடுகிறாள், இருப்பது எட்டு. ஐந்து, இரண்டு பக்கம் இருந்தும் ஐந்துதான், அதனால் ஐந்தைப் பற்றிச் சொன்னதில் தப்பில்லை, எட்டைச் சொன்னதுதான் தப்பு, எதற்குச் சொன்னாய், எட்டு என்று எதற்கு வாயைத் திறந்தாய், கடைசி இரண்டு நிமிடம் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா. அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருப்பார்கள். கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள். நீ நாலு பவுனைப் பிடித்துக்கொண்டு பார்க்கிங்கில் சுற்றினாய். இருபத்தெட்டு. அவள் விட்ட பாதியெல்லாம் மற்றவர்கள் கூப்பிட்டு விட்டது. இந்தப் பாதி நான் கொடுத்தது, பட்டியலில் கடைசியாக இது, டைப்ரைட்டிங், இந்தி, எல்.எல்.ஆர், ஸ்வெட்டர், குண்டு. ரங்கநாதன் அடுத்த கல்யாணத்தில் இதைச் சொல்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

முப்பது. சொல்ல வேண்டுமா. சொன்னால் இந்த வேகத்தில் இருக்கிறவளுக்கு எட்டு நிமிடம் என்ற சொல்லே முதுகை ஒடிக்கும், சொல்லாவிட்டால் இதே வேகத்தில் போய் இன்னும் ஒரு நிமிடத்தில் கை செத்துப்போகும். நடுவில் ஒரு வழி இருக்கிறது, எல்லா மாஸ்டருக்கும் தெரிந்த வழி, பொய். இன்னும் ஒரு நிமிஷந்தாங்கக்கா என்று சொல்வது, அந்த ஒன்று முடிந்ததும் இன்னும் ஒன்றே ஒன்று என்பது, இப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது. ஷெட்டில் எல்லாரையும் அவன் அப்படித்தான் இழுப்பான், கடைசி என்று ஐந்து தடவை சொல்லுவான், எல்லாரும் திட்டிக்கொண்டே செய்வார்கள். இவளிடம் மட்டும் அது செல்லவில்லை. இரண்டாவது வாரமே குண்டை ஓரமாக வைத்துவிட்டு வந்து, கடைசின்னு சொன்னா கடைசியா இருக்கோணுங், எங்க சூப்பர்வைசர் அப்படித்தான் கடைசி பண்டல்னு சொல்லி நாலு பண்டல் தள்ளுவான், அதைக் கேக்கறதுக்கு நான் இங்கயும் வரோணுமா என்றாள். அன்றிலிருந்து அவளிடம் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. முப்பத்தாறு. முப்பத்தேழாவது ஏறும்போது குண்டு கொஞ்சம் ஆடியது, நின்றது, நடுவர் ஒரு கணம் யோசித்து எண்ணினார், அவள் அதை மார்புக்கு இறக்கி எதிரே நிமிர்ந்து பார்த்தாள், ஒன்பது தேடுகிற கண்ணில் ஏழு விழுந்தது. குழம்பிப்போய்த் திரும்பி பூபதியைப் பார்த்தாள். கடிகாரம் ஏழு முப்பது. அவன் டேப் கோட்டின் விளிம்பு வரை போய்க் குனிந்து வாயைக் கையால் குவித்துச் சொன்னான்.

"அக்கா, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். இந்தக் கடிகாரம் பத்துலருந்து கீழ எறங்குது. இன்னும் ஏழரை நிமிசம் இருக்குதுங்க. கையையும் இனி மாத்த முடியாது."

ஏழரை. வேறு எண்ணே கிடைக்கவில்லையா உனக்கு. அவள் குண்டை மார்போடு அணைத்தபடி நின்றாள், பனியன் கழுத்தெல்லாம் நனைந்து கறுத்திருந்தது, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது. வைத்துவிடுவாள். இப்போது வைத்துவிடுவாள், வைத்தால் அவளை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏழு இருபது. அவள் உதடு லேசாகக் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தான். அழவில்லை.

"அதானே பாத்தேன்," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு. "இவ்வளவு சீக்கிரம் தீந்துபோச்சேன்னு எனக்குச் சங்கட்டமா இருந்துச்சுங் மாஸ்டர்."

ஏழு பத்துக்கு முழங்கால் மடங்கி நிமிர்ந்தது, முப்பத்தெட்டு. பழைய தாளம். பூபதி பின்னால் வந்து தன் கட்டத்தில் நின்று கையைத் தட்டினான். சங்கட்டமாக இருந்ததாம். சீக்கிரம் தீர்ந்துபோச்சே என்று. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வருவதற்குள் இலையை எடுத்துவிட்ட மாதிரி வருத்தப்பட்டிருக்கிறாள், அந்த வருத்தத்தோடுதான் அந்த ஓட்டம் ஓடியிருக்கிறாள், நான் இங்கே உயிர் போகிறது என்று நின்றிருக்கிறேன். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. இந்த விளையாட்டை அவன் ஒன்பது வருஷமாகப் பொறுத்துக்கொள்கிற விளையாட்டாகத்தான் நினைத்திருக்கிறான், பல்லைக் கடி, தாங்கு, இன்னும் கொஞ்சம், முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் அவனுக்கு ஆறுதல். அவளுக்கு அதுவே குறை. ஐம்பது. ஐம்பத்தொன்று. அவன் முதல் போட்டி வடக்கே ஒரு ஊரில், ரிசர்வேஷன் கிடைக்காமல் இரண்டு ராத்திரி உட்கார்ந்தே போனது, எட்டு நிமிடம் நாற்பதாவது நொடியில் குண்டைக் கீழே வைத்தான். பிடி வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான், வீட்டில் சொன்னான், ஷெட்டில் சொல்கிறான், கேட்கிறவர்கள் பொடி நல்லாப் போட்டுக்கோணும் என்று பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். பிடி வழுக்கவில்லை. கையில் இன்னும் இருந்தது, பத்துப் பதினைந்து ஏற்றங்கள் நிச்சயம் இருந்தன. போதும் என்று தோன்றியது, வைத்தான், அவ்வளவுதான். வைத்த உடனே, குண்டு ரப்பர்ப் பலகையில் டொம்மென்று உட்கார்ந்த அந்த நொடியே, கை சொன்னது, ஏண்டா வைத்தாய் என்று. அதற்கப்புறம் எத்தனையோ தடவை பத்து நிமிடம் முடித்தாயிற்று, அந்த ஒரு நிமிடம் இருபது நொடி மட்டும் திரும்பி வரவில்லை. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. கடிகாரம் ஐந்து. இங்கேதான் கையை மாற்றியிருக்க வேண்டும், மாற்றக் கை இல்லை. "பாதி தாண்டியாச்சுங்க்கா," என்று கத்தினான், சொன்ன பிறகுதான் பாதி என்ற சொல்லை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அதைக் கேட்டாளோ என்னமோ, அடுத்ததை மேலே ஒரு நொடி கூடுதலாக நிறுத்திக் காட்டினாள். திமிர். ஐம்பத்திரண்டு வயதில் இந்தத் திமிர் வருவதென்றால் அது எத்தனை வருஷத்துச் சேமிப்பு.

எழுபத்தைந்து, கடிகாரம் நான்கு. எண்பத்தாறு, கடிகாரம் மூன்று. வலது கை இப்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிற்கிறது, ஷெட்டில் ஒரு கைக்கு ஐந்துக்கு மேல் அவன் விட்டதே இல்லை, இதற்கு மேல் இருக்கிற ஒவ்வொரு நொடியும் அவளுக்கும் அவனுக்கும் போகாத ஊர். முன்கை உருண்டு விறைத்திருக்கிறது, விரல்கள் வெளுத்திருக்கின்றன. ஏற்றத்துக்கு ஏற்றம் மார்பில் நிற்கிற நேரம் நீள்கிறது. நின்றால் நிற்கட்டும், விதியில் அதற்குத் தடை இல்லை, ஆனால் நிற்கும்போதுதான் வந்து பேசும் அந்தப் போதும் என்கிற குரல். அது நல்ல பிள்ளை மாதிரித்தான் பேசும். அக்கறையாகப் பேசும். தொண்ணூறு. பூபதிக்குத் தன் வலது உள்ளங்கை எரிந்தது, பார்த்தால் நகம் பதிய மூடி வைத்திருக்கிறான். ஸ்பீக்கர்க்காரன் என்ன நினைத்தானோ பாட்டை நிறுத்திவிட்டான், இவளோடு தொடங்கி மற்ற இரண்டு ரப்பர்ப் பலகைகளில் தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் எப்போதோ குண்டை வைத்துவிட்டு ஓரமாக நின்று இவளைப் பார்க்கிறார்கள், மண்டபத்தில் நடுவர் எண்ணுவதும் இவள் மூச்சு விடுவதும் மட்டும் கேட்டன. தொண்ணூற்று நான்கு. குண்டை மார்பில் வைத்தாள். நின்றாள். கண்ணை மூடினாள். ஐந்து நொடி. பத்து நொடி. முன்வரிசையில் நாற்காலி கிரீச்சென்றது, ரங்கநாதன் எழுந்துவிட்டார். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் போனைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மேடைப் படி வரை வந்துவிட்டார், முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது, அந்த மனிதரை அப்படிப் பூபதி பார்த்ததே இல்லை.

"துளசி, போதும் கண்ணு. முடியலீன்னா வெச்சுரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வெச்சுப்போட்டு வா."

அட, என்ன வேலை செய்கிறார் இந்த மனிதர். அரைமணி என்று கூப்பிடாமல் துளசி என்று இன்றைக்கா கூப்பிட வேண்டும், இவ்வளவு ஆசையாகவா கூப்பிட வேண்டும். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை, அந்தக் கோபத்தில் பத்துத் தூக்கிவிடுவாள். அன்பாகக் கூப்பிட்டால் என்ன செய்வாள், இத்தனை வருஷமும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள், மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்து, மகள் காய்ச்சலில் இருந்து, எல்லாரும் அன்பாகத்தான் கூப்பிட்டிருப்பார்கள், ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. பூபதி அவர் பக்கம் போய் வாயைப் பொத்தலாமா என்று நினைத்தான், கட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அக்கா என்று கூப்பிட வாயெடுத்தான். நிறுத்திக்கொண்டான். நானும் ஒருத்தன் கூப்பிட வேண்டுமா. இரண்டு நிமிடம் எட்டு நொடி. ஏழு. அவள் கண்ணைத் திறந்தாள், யார் பக்கமும் திரும்பவில்லை, நேரே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு பதில் சொல்கிற குரலில் சொன்னாள்.

"சித்தெ இருங்க. வேலையா இருக்கறேன்."

தொண்ணூற்றைந்து. மண்டபம் சிரித்துக் கத்தியதில் நடுவரின் குரலே அமுங்கிப்போயிற்று. ரங்கநாதன் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். பூபதிக்கு நெஞ்சுக்குள் என்னமோ அறுந்து விழுந்த மாதிரி லேசாயிற்று, சந்தோஷம், சந்தோஷம்தான், வேறென்ன பேர் வைப்பது, அவனுக்கு வேறு பேர் தெரியாது. இனி அவளுக்கு அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நின்று பார்த்தால் போதும். பார்த்தான். முழங்கை இடுப்பைத் தேடி உட்காருகிறது, தோள் தளர்ந்து இறங்கியிருக்கிறது, மூச்சு ஏறும்போது, நிற்கும்போது, இறங்கும்போது, அவன் சொன்னதெல்லாம் இருக்கிறது, சொல்லாததும் ஏதோ இருக்கிறது, ஏற்றிவிட்டு மேலே நிறுத்துகிற அந்த ஒரு நொடியில் அவள் முகத்தில் ஒரு சின்ன வியப்பு, ஒவ்வொரு தடவையும் புதிதாக. நூற்று நான்கு, கடிகாரம் ஒன்று. இப்போது அவிழ்த்து விடுங்க என்று சொல்ல வேண்டிய இடம், அவள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை, தானாக அவிழ்த்து விட்டாள். நூற்றெட்டு. நூற்றுப் பத்து. ஊரே சேர்ந்து எண்ணுகிறது, மேடை ஓரத்தில் நின்ற மற்ற இரண்டு பெண்கள் எண்ணுகிறார்கள், சமையல்கூடத்திலிருந்து கரண்டியோடு வந்த ஆள் எண்ணுகிறார். அன்றைக்கு நான் வைத்த எட்டு நாற்பதைத் தாண்டி எவ்வளவோ நேரமாயிற்றே என்று பூபதிக்கு அப்போதுதான் உறைத்தது, அந்த இடம் எப்போது போனது என்றுகூட அவன் கவனிக்கவில்லை. நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினேழு, பூஜ்யம், விசில்.

எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். நடுவர் கையைக் கீழே காட்டினார், இறக்கலாம் என்று. துளசிமணி அக்கா குண்டை மார்பில் வைத்தபடியே நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், பூபதியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், முடிஞ்சுதுங்க்கா என்றான். அவள் மூச்சை ஒரு தடவை நன்றாக விட்டாள். முழங்காலை மடக்கி நிமிர்ந்து, குண்டை மறுபடியும் தலைக்கு மேலே ஏற்றினாள், கையை நேராக்கினாள், நிறுத்தினாள்.

"அம்மா, நேரம் முடிஞ்சுதுங்க," என்றார் நடுவர். "இது கணக்குல வராது."

"தெரியுமுங்," என்றாள் அக்கா, மேலே பார்த்தபடியே. "இது சும்மா, எனக்கு."

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி, சத்தமே வராமல், அவளாகக் குனிந்து அதைக் கீழே வைத்தாள். படியில் உட்கார்ந்திருந்த ரங்கநாதன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார், அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நடுவர் தாளில் நூற்றுப் பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பயிற்சியாளர் கையெழுத்துக்காகப் பூபதியிடம் நீட்டினார். பூபதி அதை வாங்கிப் பார்த்தான். நூற்றுப் பதினெட்டு என்று வாய்விட்டுச் சொன்னான், கையெழுத்துப் போட்டான், பிறகு மணவறைக்குப் பின்னால் போய் நின்று, சட்டை நனையச் சிரித்துக்கொண்டே அழுதான்.